கணேஷ் ஃபைலை எடுத்துவிடலாமா?

போன மாதம் ஸ்வப்னா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற லிஃப்ட் கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற பெண். அப்பா மதுரை, அம்மா வாரங்கல். வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள்.

“அங்கிள், நம்ம புரோகிராம்ல கணேஷ்னு ஒரு ஃபைல் இருக்கே, உள்ள ஒண்ணுமே இல்ல. தூக்கிடலாமா? எவர்னி அடிகினா ‘ஞானமுத்து காருனி அடுகு’ அண்டுன்னாரு.”

யாரைக் கேட்டாலும் என்னைக் கேட்கச் சொல்கிறார்களாம். சொல்லத்தானே செய்வார்கள்? அந்த ஃபைலைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவளுக்குப் போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செகந்திராபாத்திலும் ஹைதராபாத்திலும் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில், அபார்ட்மெண்டுகளில் லிஃப்ட் பட்டனை அழுத்தியதும் கதவு மூடி, பெட்டி ஏறி, சொன்ன மாடியில் நின்று கதவு திறக்கிறது. அப்படித் திறப்பதும் மூடுவதும் நான் எழுதியது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதியது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை; பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. லிஃப்ட் பேனலுக்கு வயர் முறுக்குகிற வேலைக்குப் போனேன். கொஞ்ச காலத்தில் பேனலில் மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கிற ரிலேக்கள் எல்லாம் போய், அந்த இடத்தில் ஒரு சிப் வந்து உட்கார்ந்தது. வயர் முறுக்குகிறவர்கள் சிப்பைப் பார்த்துப் பயந்து வேறு வேலை தேடினார்கள். நான் அமீர்பேட்டில் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டதாரிப் பையன்கள் பாடம் படித்தார்கள்; நான் ஒவ்வொரு வரியும் எந்த ரிலேயை இழுக்கும் என்று யோசித்துப் படித்தேன். வகுப்பு முடிவதற்குள் லிஃப்ட் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற வேலை கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதான் என் கல்வி. மீதி எல்லாம் வசந்தா மேடம்.

எங்கள் கம்பெனி போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஷெட். உள்ளே, சோதனைக்கென்று கட்டிய இரும்புக் கோபுரத்தில் ஒரு லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கே வந்து சேர்ந்தவர் மேடம். திருச்சிக்காரர். பருத்திப் புடவை, மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம், ஸ்டீல் ஃபிளாஸ்கில் மோர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை.

வந்த அன்றே எனக்கும் அவருக்கும் ஆரம்பித்துவிட்டது. புது புரோகிராமைச் சிப்பில் ஏற்றிவிட்டு நான் மெயின் சுவிட்சில் கை வைத்தேன்.

“மிஸ்டர் ஞானமுத்து, கைய எடுங்க.”

“ஏன் மேடம், ஷாக் அடிக்குமா?”

“உங்களுக்கு அடிக்காது. கரண்ட் போடறதுக்கு முன்னாடி இந்த மெஷினுக்கு என்ன தெரியும்? அதச் சொல்லிட்டுப் போடுங்க.”

“கரண்ட் இல்லாம அதுக்கு என்ன மேடம் தெரியும்? அது பொணம்.”

“அப்ப பொணத்த நம்பித்தான் ஜனங்கள ஏத்தறீங்களா?”

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை.

லிஃப்ட் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். புரோகிராமுக்குள் நிறைய அளவுகள் இருக்கும்: எத்தனை மாடி, எவ்வளவு வேகம், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று. இந்த அளவுகள் இரண்டு வழியில் வந்து சேரும். ஒன்று, நாங்கள் ஷெட்டில் புரோகிராமைக் கட்டுகிறபோதே கணக்குப் போட்டு, எண்ணாகச் சிப்பில் பதிந்துவிடுவது. கரண்ட் இருந்தாலும் போனாலும் அது அங்கேயே இருக்கும். கம்பைல் டைம் என்பார்கள். இன்னொன்று, கரண்ட் வந்து மெஷின் கண் விழித்த பிறகு தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்வது. அது ரன் டைம். என் மனைவி ஸ்டெல்லா காலையிலேயே கட்டிக் கொடுக்கிற டிஃபன் முதல் வகை. வேலையிடத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்பது இரண்டாவது வகை. இரண்டும் சோறுதான். ஆனால் இரண்டாவதில் ஒரு சங்கடம் உண்டு. பொங்குகிறவன் வருவதற்கு முன்னால் சாப்பிடுகிறவன் வந்து உட்கார்ந்துவிட்டால் தட்டில் ஒன்றும் இருக்காது. மனிதனாக இருந்தால் ‘சோறு எங்கே’ என்று கத்துவான். மெஷின் கத்தாது. தட்டில் இருப்பது பூஜ்யம் என்றால், பூஜ்யமும் ஒரு எண்தானே என்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

மேடம் எங்கள் புரோகிராம் முழுவதையும் அச்செடுக்கச் சொல்லி, மேஜையில் பரப்பி, நீலப் பென்சிலும் சிவப்புப் பென்சிலுமாக உட்காருவார். டிஃபன் கட்டி வந்தது நீலம். அங்கே வந்து பொங்குவது சிவப்பு. சிவப்பு போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: “இது யாருக்கு முன்னாடி?” எதற்கு முன்னால் இது நிரம்பியிருக்க வேண்டும், அது நிச்சயமா என்று அர்த்தம். பதில் சொல்லத் தெரியாவிட்டால் மோரை ஒரு வாய் குடித்துவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடத் திட்டிவிடலாம். எம்.டெக். படித்தவர்களே அந்த மேஜைக்கு முன்னால் வியர்த்தார்கள். நான் சில மாதங்களில் அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்ல ஆரம்பித்தேன். “உங்களுக்கு வயர் மூளை ஞானமுத்து” என்றார் ஒரு நாள். எனக்குக் கிடைத்த பட்டம் அது. வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்ட முடியாத பட்டம்.

ஒரே ஒரு பக்கம் மட்டும் அவர் மேஜைக்கு வந்ததே இல்லை.

எங்கள் முதலாளி ராவ் காருவுக்கு (காரு என்பது தெலுங்கு மரியாதைச் சொல்) ஒரு வழக்கம். எந்தப் புது மாடலானாலும் முதல் ஃபைலுக்குக் கணேஷ் என்றுதான் பெயர். புரோகிராம் கட்டுகிற வரிசையில் அதுதான் முதலில் நிற்க வேண்டும். வெற்றுத் தாளுக்குப் பூஜை செய்யக் கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம். அதனால் கம்பெனி ஆரம்பித்த காலத்தில் புரோகிராம் எழுதிய அவருடைய மைத்துனர், உருப்படியான ஒரு சின்னக் கணக்கை அந்த ஃபைலில் எழுதி வைத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டார். அச்செடுத்த அந்தப் பக்கத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ராவ் காருவின் அறையில் சாமி அலமாரியில் வைத்துவிடுவார்கள். மாடலுக்கு மாடல் இப்படியே. நான் கிறிஸ்தவன், ஆனாலும் தேங்காய் உடைக்கிறபோது முன்வரிசையில்தான் நிற்பேன். அந்தப் பக்கத்தைப் பென்சிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேடத்துக்கும் தோன்றவில்லை.

அதில் இருந்த கணக்கு இதுதான். லிஃப்ட் பெட்டி மாடியின் தரைமட்டத்துக்குச் சரியாக நிற்பது கிடையாது. ஒரு நூல் மேலேயோ கீழேயோதான் நிற்கும். எவ்வளவு வித்தியாசம் வரை கதவைத் திறக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. மெஷின் கண் விழித்ததும், பெட்டியை இழுக்கிற சக்கரத்தின் சுற்றளவை வைத்துக் கணேஷ் ஃபைல் அதைக் கணக்குப் போடும். கதவு புரோகிராம் அதை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

பிறகு ஒரு புது மாடல் வந்தது. அதற்காகப் புரோகிராம் கட்டுகிற கருவியின் புதுப் பதிப்பை வாங்கினோம். ஃபைல் பெயர்களை நாங்கள் வரிசையாக எழுதித் தர வேண்டியதில்லை, அதுவே எடுத்துக்கொள்ளும் என்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். முதல் லிஃப்ட் பேகம்பேட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனது.

அங்கேதான் யாதகிரியின் தலையில் இடி விழுந்தது.

யாதகிரி எங்கள் சர்வீஸ் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள்ளேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன். பாதி தெலுங்கு, பாதி தக்கனி உருது பேசுவான். நான் தமிழாக்கித் தருகிறேன். அவனுடைய ‘கைக்கு’வையும் ‘நக்கோ’வையும் மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன். ஏன் என்பதும், வேண்டாம் என்பதும்தான் அவை. என்னை அவன் ‘பாய்’ என்பது அண்ணே என்கிற அர்த்தத்தில்.

நர்சிங் ஹோமில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்ததும், சில சமயம் லிஃப்ட் மாடிக்குப் போய் நிற்கும், கதவு திறக்காது. முதல் தடவை உள்ளே மாட்டிக்கொண்டது சாப்பாட்டு வண்டி. அடுத்த தடவை ஸ்ட்ரெச்சரில் ஒரு கர்ப்பிணிப் பெண், ஆபரேஷனுக்குப் போகிற வழியில். அவள் புருஷன் வெளியே நின்று கதவை அடித்த அடியில் கதவு நெளிந்துவிட்டது. யாதகிரி ஓடிப்போய் மேலே பேனலில் விசையை அழுத்தி லிஃப்டை ஒரு முறை மெதுவாக ஓட்டினான், கதவு திறந்தது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அவன் வந்தால் சரியாகிறது, போனால் மறுபடி கெடுகிறது. நர்சிங் ஹோம் நிர்வாகி அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்.

“உங்க ஆளே எதையோ கழட்டி வெச்சிட்டுப் போறான், நாங்க கூப்பிட்டதும் வந்து மாட்டறான். இதுல புரியாதது என்ன இருக்கு? சனிக்கிழமைக்குள்ள வேற ஆள அனுப்புங்க. இல்லேன்னா வேற கம்பெனி பாத்துக்கறோம்.”

ராவ் காரு சரி என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். ஆனால் இந்த ஊரில் லிஃப்ட் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஆஸ்பத்திரி லிஃப்டைக் கெடுத்தவன் என்று பெயர் வந்துவிட்டால் யாதகிரியை இன்னொரு கம்பெனி வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

நான் அவனை நர்சிங் ஹோமுக்கு எதிரில் இருந்த இரானி ஹோட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“கைக்கு பாய்? நான் கை வெச்சா சரியாகுது, அதுவா தப்பு? டாக்டர் கை வெச்சா நோயாளி எந்திரிக்கறான், டாக்டரப் போலீஸ்ல குடுப்பாங்களா?”

“டீ குடி. நீ போனதும் முதல்ல என்ன பண்ணுவே?”

“லேர்னிங் ரன்.”

லிஃப்டைக் கீழிருந்து மேல்வரை மெதுவாக ஒரு முறை ஓட்டி, எல்லா அளவுகளையும் மெஷினை மறுபடி எடுத்துக்கொள்ளச் செய்வதற்குப் பெயர் அது.

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி என்ன? உள்ள ஆளு அலறிட்டிருக்கான். ‘நில்லு பாய், ஆராய்ச்சி பண்ணிட்டுத் திறக்கறேன்’னு சொல்லவா?”

“இன்ஸ்டால் பண்ணப்ப?”

“அப்பவும் அதான். நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க, லேர்னிங் ரன் பண்ணாம பட்டனத் தொடாதேன்னு. ஷெட்ல நீங்களும் அப்பிடித்தானே பண்றீங்க?”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவன் சொன்னது சரி. எங்கள் சோதனை எல்லாம் லேர்னிங் ரன்னுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததற்கும் அந்த ஓட்டத்துக்கும் நடுவில் இந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததே கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள்தான்.

“இன்னொரு டீ சொல்லவா?” என்றேன்.

“நக்கோ பாய். வேலைய வாங்கிக் குடு, போதும்.”

மறுநாள் காலை ஷெட்டில் மெயினை அணைத்துத் திரும்பப் போட்டு, லேர்னிங் ரன் இல்லாமல் ஓட்டினேன். காலிப் பெட்டி; கதவு திறந்தது. இன்னொரு தடவை; திறந்தது. எம்.டெக். பையன் ஒருவன் “சாரு யாதகிரிக்கு வக்கீல் ஆயிட்டாரு” என்றான். ஸ்ட்ரெச்சரும் ஆட்களும் ஏறினால்தானே அங்கே மாட்டுகிறது என்று எனக்குத்தான் உறைத்தது. மார்க்கெட்டுக்குப் போய் வெங்காய மூட்டைகளை இரவல் கேட்டேன். மூட்டை தூக்கி வந்தவர்கள் விடுவார்களா?

“எந்த மாடிக்கு சார் வெங்காயம் போகுது? ஆபரேஷனா, பிரசவமா?”

பெட்டி நிறைய மூட்டை. மெயினை அணைத்துப் போட்டேன். லிஃப்ட் ஏறியது, இரண்டாம் மாடியில் நின்றது, பாரத்தில் ஒரு நூல் கீழே. கதவு அசையவில்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். அப்போதும் அசையவில்லை. மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே ஆடலாம் போல இருந்தது.

மேடம் ஃபிளாஸ்கை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“சொல்லுங்க. கரண்ட் போடறதுக்கு முன்னாடி இந்தக் கதவுக்கு என்ன தெரியும்?”

“எவ்ளோ வித்தியாசம் வரைக்கும் திறக்கலாம்னு தெரியணும் மேடம்.”

“தெரியணும் இல்ல. தெரியுமா?”

“கணேஷ்கிட்ட வாங்கிக்கும்.”

“கணேஷ் எங்கிட்ட வரவே இல்லையே?”

இரண்டு பேரும் நேராக ராவ் காருவின் அறைக்குப் போனோம். மேடம் செருப்பை வெளியே கழற்றினார். அலமாரியிலிருந்து குங்குமப் பக்கத்தை எடுக்கப் போனதும் ராவ் காரு எழுந்து நின்றுவிட்டார்.

“மேடம்காரு, சிவப்பு பென்சில் மட்டும் வேண்டாம். பூஜை பண்ணது.”

“தெரியும் சார்.”

இரண்டு கையாலும் எடுத்தார். ஜெராக்ஸ் எடுத்தார். மூலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஜெராக்ஸில் சிவப்பு போட்டார். அவருடைய பாணி அதுதான். யார் மனமும் நோகாது, வேலையும் நிற்காது.

“இது பொங்கற சோறு. யாருக்கு முன்னாடி பொங்கணும்?”

“கதவுக்கு முன்னாடி.”

“பொங்குதா?”

அப்போதுதான் புதுக் கருவி எடுத்துக்கொண்ட வரிசையைப் பார்த்தோம். அது ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்கியிருந்தது. டோர் என்கிற கதவு ஃபைல் முதலில், கணேஷ் அதற்குப் பின்னால். எங்கள் கருவியில் எது முன்னால் நிற்கிறதோ அதுதான் முதலில் கண் விழிக்கும். கதவு விழித்து, அளவைக் கேட்டு, பூஜ்யத்தை வாங்கி வைத்துக்கொண்டது. பிறகு கணேஷ் விழித்து, சரியாகக் கணக்குப் போட்டு, கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தது. பூஜ்யம் என்றால் மயிரிழை தவறாமல் நின்றால்தான் கதவு திறக்கும். காலிப் பெட்டி சரியாக நின்றது. பாரம் ஏறினால் நிற்கவில்லை. லேர்னிங் ரன் செய்தால் கதவு அளவை மறுபடி வாங்கிக்கொள்ளும், அடுத்த கரண்ட் கட் வரை நிம்மதி. யாதகிரியின் கைராசி என்று நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

ராவ் காருவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் காதில் விழுந்தது.

“கணேஷைப் பின்னாடி நிக்க வெச்சிட்டீங்களா! அதான் இத்தனையும். உடனே முதல்ல கொண்டு வாங்க. ஒரு வரி வேலை. இவ்ளோ வருஷம் அவர்தானே காப்பாத்தினார்?”

“காப்பாத்தினார் சார்” என்றார் மேடம். “நாம அவர் தலையில பாரத்த வெச்சிருக்கோம்னே நமக்குத் தெரியாது. நாளைக்கு இன்னொரு கருவி வரும். அது வேற மாதிரி அடுக்கும்.”

அப்போது நான் பேசினேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

“சார், சக்கரத்தோட சுற்றளவு நமக்கு இங்கேயே தெரியும். எத்தனை நூல் வரைக்கும் விடலாம்னு தெரியும். எல்லாம் தெரிஞ்ச கணக்க அந்த மெஷின் ஒவ்வொரு தடவை முழிக்கறப்பவும் எதுக்குப் போடணும்? நாமளே போட்டு டிஃபன் கட்டி அனுப்பிடலாம். அப்புறம் கணேஷ் முன்னாடி நின்னா என்ன, பின்னாடி நின்னா என்ன?”

மேடம் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நீலப் பென்சிலை எடுத்தார். அதை என் கையில் கொடுத்தார். முதல் தடவையாக.

ராவ் காருவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “அப்ப கணேஷ் ஃபைல் காலியாயிடுமே.”

“அவருக்கு இத்தனை நாள் வேலை குடுத்தது போதும் சார். இனி உக்காரட்டும்” என்றேன். ராவ் காரு யோசித்தார். யோசித்து, சிரித்துவிட்டார். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, பெயரோடு ஃபைலை மட்டும் முதல் இடத்தில் வைத்தோம்.

அந்தக் கணக்கைக் கருவியே கட்டுகிறபோது போட்டு, எண்ணாகச் சிப்பில் இறக்குகிற மாதிரி நான் மாற்றி எழுதினேன். இப்போது வருகிற புரோகிராம் மொழிகளில் இதற்கு ஒரே ஒரு சொல் போட்டால் போதுமாம். எங்களுக்கு அந்தச் சொல் கிடையாது. இருந்த வசதியை வளைத்து நானே வழி செய்தேன். கதவோடு விடவில்லை. ஷெட்டிலேயே விடை தெரிந்த கணக்கு ஒன்றுகூடச் சிவப்பாக இருக்கக் கூடாது என்று முழு புரோகிராமையும் அலசினேன்.

சனிக்கிழமை நர்சிங் ஹோமுக்குப் போனோம். நிர்வாகி மாடிப்படியிலேயே நிறுத்தினார்.

“டெஸ்ட் பண்ணுங்க. ஆனா அந்த ஆள் பேனல் பக்கம் போகக் கூடாது.”

“போகமாட்டான் சார்” என்றேன். “அவன் மூணாவது மாடியில, கதவுக்கு நேரா நிக்கட்டும். நீங்க எங்களோட உள்ள ஏறுங்க.”

நிர்வாகி, மேடம், நான், ஸ்ட்ரெச்சர், அதன்மேல் மணல் மூட்டை, தள்ளுவதற்கு இரண்டு வார்டு பாய்கள். நிர்வாகியின் ஆளே மெயினை அணைத்தான். இருட்டு. ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது. மெஷின் கண் விழித்தது. நான் மூன்றை அழுத்தினேன். பெட்டி ஏறி நின்றது. ஒரு நூல் கீழே நின்றதைப் பாதத்திலேயே உணர்ந்தேன். நிர்வாகியின் நெற்றியில் வியர்வை. மேடம் கடிகாரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது.

எதிரே யாதகிரி. போலீஸ் பிடித்தவனைப் போல இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். விரல்கள் எல்லாம் விரித்து.

நிர்வாகி அந்தக் கைகளையே பார்த்தார். “இன்னொரு தடவை” என்றார். கீழே போய், அணைத்துப் போட்டு, மறுபடி வந்தோம். கதவு திறந்தது. கைகள் அப்படியே இருந்தன. “இன்னொரு தடவை.” மூன்றாவது முறையும் திறந்தது.

“சாப், கை வலிக்குது” என்றான் யாதகிரி. “இறக்கலாமா?”

நிர்வாகி “இறக்குப்பா” என்றார். வெளியே வந்து அவனுடைய வலது கையைப் பிடித்துத் தானே கீழே இறக்கினார்.

அந்த நர்சிங் ஹோம் லிஃப்டை யாதகிரிதான் கடைசிவரை பார்த்துக்கொண்டான். வேறு யாரையும் அனுப்ப அந்த நிர்வாகியே விடவில்லை.

இனி ஸ்வப்னாவுக்கு நான் சொன்ன பதில். “தூக்கலாம்.”

“ஏதாவது ஆயிடுமா அங்கிள்?”

“தூக்கிட்டு, மெயின அணைச்சுப் போடு. லேர்னிங் ரன் பண்ணாதே. மார்க்கெட்ல வெங்காய மூட்டை வாங்கிப் பெட்டி நிறைய ஏத்து. அப்புறம் எனக்குப் போன் பண்ணு.”

சாயங்காலம் போன் வந்தது. பின்னணியில் மூட்டைக்காரர்களின் சிரிப்பு கேட்டது.

“அங்கிள், ஏமி காலேது. ஒண்ணுமே ஆகல.”

ஆகாது அம்மா. ஒன்றும் ஆகாதபடி எழுதியவன் நான்.